காளை தேடும் இடம்

(தை மாதத்தில் திண்டிவனத்தில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாட்டுப் பொங்கல் முடிந்து, தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழாவும் முடிந்துவிட்டது. மாடுகளின் கொம்பில் பூசிய வண்ணம் இன்னும் மங்கவில்லை. இந்த நாளில் ஸ்பெயின் நாட்டுக் காளைப்போர்க் களத்தில் வழங்கும் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் மாட்டைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் அவ்வளவு தூரம் போவானேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. அந்தச் சொல்லை முதலில் பேசியவர்கள் மாடு மேய்த்தவர்கள். களம் அதைப் பிற்பாடுதான் எடுத்துக்கொண்டது. அதன் பின்னாலேயே நடந்து போனால் நம்முடைய கலித்தொகைக்கும், அங்கிருந்து நம் ஊர் மந்தைவெளிக்கும் வந்து சேரலாம். மந்தைவெளியைப் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சுற்றுவழி.

சொல் இது: கெரென்சியா. ஸ்பெயினின் தலைநகர்ப் பக்கம் கெரென்தியா என்பார்கள், தென்னமெரிக்காவில் கெரென்சியா. ‘கெரேர்’ என்ற வினையிலிருந்து பிறந்தது. கெரேர் என்றால் விரும்புதல், நேசித்தல். அதற்கும் மூலம் லத்தீனில் இருக்கும் ‘க்வேரெரே’ என்ற வினை. அதற்குத் தேடுதல் என்று பொருள். தேடுதலும் நேசித்தலும் ஒரே வேரில் நிற்கின்றன. ஸ்பானிய அகராதிகள் இதற்குத் தரும் பொதுப்பொருளில் போரும் இல்லை, களமும் இல்லை. மனிதனோ விலங்கோ தான் வளர்ந்த இடத்துக்கு, பழகிய இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக விழையும் இயல்பு, அந்த இடம் – இதுதான் கெரென்சியா.

அர்ஜென்டினாவின் புல்வெளிகளில் குதிரையேறி மாடு மேய்க்கும் கௌச்சோக்கள் இதிலிருந்தே ஒரு வினைச்சொல்லையும் வைத்திருக்கிறார்கள். புதிதாக வாங்கி வந்த மந்தையை உடனே அவிழ்த்துவிட்டால் அது பழைய மேய்ச்சல் நிலத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடும். ஆகவே சில காலம் காவலிருந்து, புது மண்ணோடு அதற்கு உறவு உண்டாக்குவார்கள். அந்த வேலைக்கு ‘அகெரென்சியார்’ என்று பெயர். நம் பக்கம் சந்தையில் மாடு வாங்கி வருகிறவரும் இதையேதான் செய்கிறார். வந்த அன்றே அவிழ்த்துவிடமாட்டார். தொழுவத்தில் கட்டி, கையால் தீனி வைத்து, தண்ணீர் காட்டி, வீட்டுப் பெண்கள் குரல் பழகிய பிறகுதான் மேய்ச்சலுக்கு விடுவார். அவசரப்பட்டு விட்டவர் வீட்டு மாடு விற்றவர் வீட்டு வாசலில் போய் நின்ற கதை எல்லா ஊரிலும் உண்டு.

மாட்டின் இந்தக் குணத்தை அறிவியலும் கவனித்திருக்கிறது. அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் விலங்கியல் அறிஞர். கால்நடைகளை அச்சமின்றி நடத்திச் செல்லும் வழித்தடங்களை வடிவமைத்துப் புகழ்பெற்றவர். மாடு எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே திரும்பிப் போக விரும்பும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி. அவர் அமைத்த பாதைகள் வளைந்து செல்வதற்கு ஒரு காரணம் அதுதான்: வளைவில் நடக்கும் மாட்டுக்கு, வந்த இடத்துக்கே திரும்பிக்கொண்டிருக்கிறோம் என்ற உணர்வு ஏற்படுகிறது. மாடு கூட்டமாக வாழும் விலங்கு, வேட்டையாடப்படும் விலங்கும்கூட. ஆபத்து நேரத்தில் தெரிந்த இடத்தை நோக்கி ஓடுவது அதன் உடம்பில் ஊறிய அறிவு.

இப்போது இந்தச் சொல்லோடு களத்துக்குள் போவோம். ஸ்பெயினின் காளைப்போர்க் களம் முழுவட்டம். குறுக்களவு பெரும்பாலும் 60 மீட்டரைத் தாண்டாது. சுற்றிலும் மரப்பலகை வேலி. அதற்குப் பின்னால் படிப்படியாக உயரும் இருக்கைகள். அந்தலூசியாவின் ரோந்தா நகரில் 1785இல் திறந்த கல் களம் இன்றும் இருக்கிறது. மாலையில் நடக்கும் ஆட்டத்தில் வழக்கமாக மூன்று வீரர்கள், ஆறு காளைகள். காளைக்கு வயது நான்கு முதல் ஆறு. எடை 500 கிலோ அளவில். ஓக் மரங்கள் நிற்கும் பெரிய மேய்ச்சல் காட்டில் தன் கூட்டத்தோடு வளர்ந்தது அது. தரையில் நின்று துணி வீசும் மனிதனை அது முன்பு சந்தித்ததே இல்லை. சந்தித்திருக்கக் கூடாது என்பது விதி. களத்துக்குள் அது வருவது ஒரே ஒரு முறை. முதலில் குதிரை மேலிருந்து ஈட்டி. அடுத்து முதுகில் குத்தும் வண்ணக் கம்புகள். கடைசியில் சிவப்புத் துணியும் வாளும். ஏறத்தாழ 20 நிமிடத்தில் ஒரு காளையின் முறை முடிந்துவிடும்.

ஆட்டம் நடக்க நடக்க, காளை களத்தில் ஓர் இடத்தைத் தனக்கென்று தெரிந்தெடுக்கிறது. துரத்திவிட்டு அங்கே திரும்பி வருகிறது. அடிபட்ட பிறகு அங்கேயே போய் நிற்கிறது. அந்த இடத்துக்குக் களத்துக்காரர்கள் கெரென்சியா என்று பெயர் வைத்தார்கள். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று இயல்பாய் அமைவது. பெரும்பாலும் அது காளை வந்த வாசல். டோரில் என்று அதற்குப் பெயர். அந்தக் கதவு வழியாகத்தான் வந்தோம், அதற்கு அப்பால்தான் நம் கூட்டம் இருக்கும் என்று காளை அதைப் பார்த்தே நிற்கும். மற்றது ஆட்டத்துக்குள் உண்டாவது. ஈரமும் குளிர்ச்சியுமாக மணல் இருக்கும் ஒரு மூலை, முன்பு தான் குதிரையை முட்டி வென்ற இடம், முதுகுக்குப் பின்னால் பலகை இருப்பதால் பின்புறம் பயமில்லாத ஓரம் – இப்படி ஏதோ ஒன்று அதற்குப் பிடித்துப்போகிறது.

எர்னெஸ்ட் ஹெமிங்வே 1932இல் வெளியிட்ட ‘டெத் இன் தி ஆஃப்டர்நூன்’ என்ற நூலில் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். ஸ்பெயினுக்கு வெளியே இந்தச் சொல் பரவியதில் அந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. தன் இடத்தில் நிற்கும் காளை மிகவும் ஆபத்தானது என்கிறார் அவர். அங்கே அது பாய்ந்து வந்து ஆற்றலை வீணாக்காது; நெருங்குகிறவனுக்காகக் காத்திருக்கும். அங்கே வைத்து அதைக் கொல்ல முயல்வது உயிரைப் பணயம் வைப்பது. ஆகவே வீரனின் திறமையில் பாதி, காளை எந்த இடத்தை விரும்புகிறது என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது. மீதி, அந்த இடத்திலிருந்து அதைப் பிரித்து, ஆதரவில்லாத நடுக்களத்துக்கு இழுத்து வருவதில்.

இதற்கு மேல் ஒரு செய்தி இருக்கிறது. என்னை மிகவும் வருத்திய செய்தி அதுதான். அந்தக் களத்தின் மதிப்பீட்டில் நல்ல காளைக்குப் பெயர் ‘பிராவோ’. துணியைக் கண்டதும் எங்கிருந்தாலும் பாய்வது. தன் இடத்தைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கும் காளைக்குப் பெயர் ‘மான்சோ’, சாதுவானது, கோழை. கூட்டத்தின் ஏச்சு அதற்குக் கிடைக்கும். அதாவது, மேய்ச்சல் காட்டில் நேசம் என்று பெயர்பெற்ற அதே குணம், வட்டச் சுவருக்குள் வந்ததும் குறையாகிவிடுகிறது. வீட்டுக்குப் போக நினைப்பது அங்கே காளையின் குற்றம். வெல்கிறவனுக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: மத்தாதோர். ‘மத்தார்’ என்றால் கொல்லுதல்; மத்தாதோர் என்றால் கொல்பவன். மிகச் சிறந்த காளைக்கு மட்டும் அபூர்வமாக ‘இந்துல்தோ’ என்ற மன்னிப்பு கிடைக்கும். மன்னிப்புப் பெற்ற காளையை இனப்பெருக்கத்துக்காகப் பண்ணைக்கே திருப்பி அனுப்புவார்கள். ஆக, வீடு திரும்புவதே அங்கே மிக உயர்ந்த பரிசு. அந்தக் களமும் உள்ளுக்குள் அறிந்திருக்கும் உண்மை இது என்று நான் நினைக்கிறேன்.

ஐரோப்பா முழுவதும் இப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. பிரான்சின் தெற்கே ரோன் ஆறு கடலில் கலக்கும் கமார்க் என்ற சதுப்பு நிலத்தில் வேறொரு விளையாட்டு இருக்கிறது. காளையின் கொம்புகளில் சிறு குஞ்சங்களையும் துணிப்பூவையும் கட்டிவிடுவார்கள். வெள்ளை உடை அணிந்த இளைஞர்கள் ஓடி வந்து, கையிலிருக்கும் சிறு கொக்கியால் அவற்றைப் பறிக்க வேண்டும். காளை சாவதில்லை. ஆட்டம் முடிந்ததும் சதுப்பு நில மேய்ச்சலுக்குத் திரும்புகிறது. அடுத்த பருவத்தில் மறுபடி வருகிறது. சுவரொட்டியில் காளையின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். கொம்பில் சல்லிக்காசு முடிந்த துணியைக் கட்டியதால் சல்லிக்கட்டு என்று பெயர் வந்ததாக நம் ஊரில் சொல்லும் விளக்கத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். போர்ச்சுகலில் எட்டுப் பேர் வரிசையாக நின்று, ஆயுதமின்றி, காளையின் தலையையே மார்போடு அணைத்து நிறுத்துகிறார்கள். அங்கே பொதுவாகக் களத்தில் கொல்வதில்லை. ஆட்டம் முடிந்ததும் கழுத்தில் மணி கட்டிய எருதுகளைக் களத்துக்குள் விடுவார்கள். அவற்றோடு சேர்ந்து காளை தானே வெளியே நடந்துவிடும். கூட்டத்தைக் கண்டால் போதும், அதற்கு வழி தெரிந்துவிடும்.

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். கலித்தொகையின் முல்லைப் பகுதியைப் பாடியவர் சோழன் நல்லுருத்திரன் என்பது மரபு. சி.வை. தாமோதரம் பிள்ளை 1887இல் பதிப்பித்து நமக்குத் தந்த நூல் அது. முல்லைக்கலியின் தொடக்கப் பாடல்கள் ஏறுதழுவுதலைக் கண்முன் நிறுத்துகின்றன. அவற்றில் இரத்தம் உண்டு, குடல் சரிந்த வீரர்கள் உண்டு. அந்தப் பாடல்கள் எதையும் மறைக்கவில்லை. காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை மறுபிறவியிலும் தழுவமாட்டாள் ஆயர்மகள் என்ற புகழ்பெற்ற கருத்தும் அங்கேதான் வருகிறது. காளைகள் ஒவ்வொன்றுக்கும் நிறமும் புள்ளியும் மறுவும் சொல்லி, தெய்வங்களோடு ஒப்பிட்டு அறிமுகம் செய்கிறார் புலவர். முடிவில் குரவையாட்டமும் மணப்பேச்சும் வருகின்றன.

நான் இன்று சுட்டிக்காட்ட விரும்புவது ஒரு நுணுக்கத்தை. அந்தப் பாடல்களில் ஆட்டம் நடக்கும் இடத்துக்கு வரும் பெயர் தொழு. காளைகள் அடையும் தொழு. நாம் இன்றும் தொழுவம் என்கிறோமே, அதே சொல். ஸ்பெயினில் காளையை அதன் இடத்திலிருந்து பிரித்து, மனிதன் கட்டிய வட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். முல்லைக்கலியில் மனிதன் காளையின் இடத்துக்குள் இறங்குகிறான். சொந்த இடத்தில் நிற்கும் காளையே மிகவும் ஆபத்தானது என்று ஹெமிங்வே எழுதினாரே, அந்த ஆபத்துக்குள்தான் அந்த இளைஞன் வெறுங்கையோடு குதிக்கிறான். இரண்டு வீரங்களையும் எடைபோட நான் வரவில்லை. காளையின் இடத்தை யார் எப்படி நினைத்தார்கள் என்பதே என் கேள்வி.

முல்லைத் திணையே திரும்புதலின் திணை. அதன் நிலம் காடும் மேய்ச்சலும், பொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். மேய்ச்சலுக்குப் போன ஆநிரை கன்றை நினைத்து மணியொலியோடு வீடு திரும்புகிறது. அந்த ஒலியைக் கேட்டபடி, போருக்குப் போனவன் வருவான் என்று தலைவி காத்திருக்கிறாள். மாட்டின் திரும்புதலும் மனிதனின் திரும்புதலும் ஒரே மாலையில் ஒரே பாட்டில் நிகழ்கின்றன. ஸ்பானியர் ஒரு சொல்லில் அடக்கியதை நம் புலவர்கள் ஒரு திணையாகவே விரித்து வைத்தார்கள்.

அகத்தில் மட்டும் இல்லை, புறத்திலும் அப்படித்தான். வெட்சி என்றால் பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து செல்வது. கரந்தை என்றால் அதை மீட்டுக் கொண்டுவருவது. மீட்டு வரும்போது இறந்தவருக்கு ஊரார் கல் நட்டார்கள். நமக்கு மேற்கே செங்கம் பகுதியில் அப்படிப்பட்ட நடுகற்கள் ஏராளம். தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியின் முயற்சியில் 1972இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயரையும் கல்லில் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாய். சேலம் மாவட்டத்தில் கிடைத்த இன்னொரு கல், எருது விளையாட்டில் இறந்த ஒருவனுக்கு அவன் மகன் நட்டது. மாடு தன் பட்டிக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக உயிர்விடுவதைப் பெரும்பேறாகக் கருதிய நிலம் இது.

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக் களங்களைத் தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் பார்க்கிறோம். அவற்றின் அமைப்பைக் கவனியுங்கள். வாடிவாசல் என்று ஒரு குறுகிய வாயில். அங்கே காளையின் மூக்கணாங்கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். முதலில் வருவது கோயில் காளை. அதை யாரும் பிடிப்பதில்லை. மற்ற காளைகளின் திமிலை ஒருவர் மட்டும் தழுவி, குறித்த தூரமோ மூன்று துள்ளலோ தாக்குப்பிடிக்க வேண்டும். காளைக்கு முன்னால் வழி திறந்திருக்கிறது. களத்தைக் கடந்து ஓடினால் அதன் ஆட்டம் முடிந்தது. அங்கே உரிமையாளர் கயிற்றோடு காத்திருப்பார். அவர் கைக்குச் சிக்காமல் ஓடிய காளை வயல்வெளி வழியாகத் தன் ஊர் போய்ச் சேர்ந்த செய்தியையும் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறோம். வட்டத்துக்கும் இந்தத் திறந்த வழிக்கும் உள்ள வேறுபாடு பெரியது. வட்டம் காளையின் திரும்புதலைத் தடுக்கிறது. வாடிவாசலின் விளையாட்டே காளையின் திரும்புதலில் அமைந்திருக்கிறது.

ஓடாமல் நிற்கும் காளையும் உண்டு. வாடிவாசல் முன்னாலேயே சுற்றிச் சுற்றி வந்து, நெருங்குகிறவனை முட்டித் தள்ளும். நின்று விளையாடும் காளை என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஸ்பெயினில் இதே காளை வாசலை விட்டு வராத மான்சோ என்று ஏச்சு வாங்கியிருக்கும். இங்கே அதற்குப் பரிசு அறிவிக்கிறார்கள். வளர்த்தவர் வீட்டுக்கு அண்டாவும் கட்டிலும் போகின்றன. ஒரே குணம், பெயர் சூட்டுகிறவர் மாறும்போது இழிவு பெருமையாகிறது.

நம் களங்களில் குறையே இல்லை என்று சொல்லி உங்களிடம் கைதட்டு வாங்க நான் விரும்பவில்லை. வாலை முறுக்குவதும் கடிப்பதும் நடந்தன என்று விலங்குநல வாரியம் நீதிமன்றத்தில் ஆதாரங்களை வைத்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் அதை எதிர்த்து மெரினாவில் இளைஞர்கள் திரண்டார்கள். மாநிலச் சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. மாடுபிடி வீரர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் காளைகளும் இன்றும் இறக்கிறார்கள். காளையின் மீது அன்பு என்று சொல்லும் உரிமை, அதன் வாலைத் தொடாதவருக்கு மட்டுமே உண்டு. உலகமும் இதே கேள்வியோடு போராடிக்கொண்டிருக்கிறது. காட்டலோனியா 2010இல் காளைப்போரைத் தடைசெய்தது. 2016இல் ஸ்பெயினின் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. கொலம்பியா 2024இல் தடைச்சட்டம் இயற்றியது.

2017ஆம் ஆண்டுத் திருத்தம் ஜல்லிக்கட்டு என்ற ஒரே பெயரின் கீழ் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா மூன்றையும் சேர்த்தது. சட்டத்துக்கு ஒரு பெயர் போதும்; ஊர்களுக்குப் போதாது. நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் வாடிவாசல் பெருவழக்கம் இல்லை. இங்கே மாட்டுப் பொங்கலன்று காலையில் ஏரியிலோ குளத்திலோ மாட்டைக் கழுவி, கொம்புக்கு வண்ணம் பூசி, புதுக் கயிறு மாற்றி, மாலையும் சலங்கையும் கட்டுகிறோம். சாயங்காலம் ஊர்ப் பொதுவிடத்தில் எல்லா மாட்டையும் சேர்த்து நிறுத்தி, சூடம் காட்டி, பொங்கலோ பொங்கல் என்று கூவி விரட்டிவிடுகிறோம். மாடுகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடுகின்றன. எங்கே ஓடுகின்றன? ஒவ்வொன்றும் தன் தெரு திரும்பி, தன் வீட்டுத் தொழுவத்துக்கு ஓடுகிறது. யாரும் பிடிப்பதில்லை, யாரும் தோற்பதில்லை. தழுவலும் பரிசும் இல்லாத இந்த எளிய விரட்டில், வீடு திரும்பும் மாட்டை ஊரே கூடி நின்று பார்க்கிறது. கெரென்சியா என்ற சொல்லின் பழைய பொருளுக்கு இதைவிட நெருக்கமான விழா வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த மண்ணுக்கு அந்த வழக்கம் திடீரென்று வந்ததில்லை. நாம் கூடியிருக்கும் திண்டிவனத்தின் ஒரு பகுதி கிடங்கில். சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர் இது. இதன் பெயரைத் தங்கள் பெயரில் சுமந்த சங்கப் புலவர்கள் உண்டு: கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனார், கிடங்கில் குலபதி நக்கண்ணனார். அந்தப் பாட்டில் பாணன் நல்லியக்கோடனைத் தேடிப் போகும் வழியில் கடற்கரையில் எயிற்பட்டினம், முல்லை நிலத்தில் வேலூர், வயல் சூழ்ந்த ஆமூர் என்று மூன்று ஊர்கள் வருகின்றன. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், வேலூர் நமக்கு அருகிலுள்ள உப்புவேலூர் என்றும் கருதுகிறார்கள். நெய்தலும் முல்லையும் மருதமும் ஒரு நாள் நடையில் அடுத்தடுத்து வரும் நாடு இது. திண்டிவனம் என்ற பெயருக்கே புளியங்காடு என்று பொருள். திந்திரிணீசுவரர் கோயில் அதற்குச் சாட்சி. காடும் மேய்ச்சலும் நம் பெயரிலேயே இருக்கின்றன.

பெயரில் இருக்கின்றன, நிலத்தில் இருக்கின்றனவா? இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

மந்தைவெளி என்றால் ஊர் மாடுகள் காலையில் ஒன்றுகூடும் திடல். அங்கிருந்து மாட்டுக்காரர் ஓட்டிக்கொண்டு போவார். மாலையில் அங்கே வந்து பிரியும். சென்னையில் மயிலாப்பூருக்குப் பக்கத்தில் அந்தப் பெயர் மட்டும் மிஞ்சி, ஒரு ரயில் நிலையத்தின் பலகையில் எழுதியிருக்கிறது. நம் ஊர்களில் வருவாய்த் துறைப் பதிவேடுகளில் மந்தைவெளிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு என்று தனித்தனி வகைப்பாடு உண்டு. ஏரியின் உட்புறம், கரையோரம், வண்டிப்பாட்டை, மேய்க்கால், மந்தைவெளி – இவை ஒன்றோடொன்று தொடர்ந்திருந்தபோது மாட்டுக்குத் தடையில்லாத பாதை இருந்தது. ஒரு துண்டை வேலியிட்டாலும் தொடர் அறுந்துபோகும். வீட்டுமனைக் கற்களும் நாற்கரச் சாலைகளும் அந்தத் தொடரைப் பல இடங்களில் அறுத்துவிட்டன.

அதன் விளைவை இரவுப் பயணத்தில் பார்க்கிறோம். நாற்கரச் சாலையின் நடுத்திட்டை ஒட்டி மாடுகள் படுத்திருக்கின்றன. பொறுப்பில்லாத மாட்டுக்காரர் என்று திட்டிவிட்டுப் போகிறோம். பொறுப்பும் ஒரு காரணம்தான். ஆனால் களத்துக் காளையைப் பற்றிக் கேட்டதை நினைவில் வைத்துப் பாருங்கள். வந்த வாசல் மூடியிருந்தால் காளை களத்துக்குள்ளேயே ஓர் ஆறுதலான மூலையைத் தேடிக்கொள்கிறது. பனிக்காலத்தில் தார்ச்சாலை கதகதப்பாக இருக்கும், காற்றோட்டத்தில் பூச்சி குறையும். போக இடம் இல்லாத மாடு அதைத் தன் இடமாக்கிக்கொள்கிறது. மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கொண்ட நாம்தான் அதை அங்கே அனுப்பினோம். அதில் மோதிச் சாகும் இரு சக்கர வாகன இளைஞனும் நம் பிள்ளைதான்.

இந்தச் சொல் களத்தை விட்டு வெளியேறி மனிதரிடமும் வந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் தலைமுறைகளாக வாழும் ஸ்பானிய வழிவந்த உழவர்கள், தங்கள் கால்வாயும் வயலும் மேய்ச்சலும் சேர்ந்த ஊர்ப்புறத்தைக் கெரென்சியா என்கிறார்கள். இயற்கையைப் பற்றி எழுதிய பேரி லோபஸ், தனக்கு வலிமை எங்கிருந்து கிடைக்கிறதோ, தான் யார் என்பது எங்கே தெரிகிறதோ அந்த இடம் என்ற பொருளில் அதை எடுத்தாண்டார். சென்னைக்கும் பெங்களூருக்கும் துபாய்க்கும் போன நம் பிள்ளைகள் பொங்கலுக்கு நின்றுகொண்டே பேருந்தில் ஊர் வருகிறார்களே, அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாட்டுக்கு இருப்பதுதான் நமக்கும் இருக்கிறது. மாட்டின் இடத்தைக் காப்பாற்றாத ஊர், தன் பிள்ளை திரும்பி வருவதற்கான இடத்தையும் காப்பாற்றாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏரிக்கரையும் திடலும் போன பின் திரும்பி வருகிறவன் எதைப் பார்த்து ஊர் என்பான்?

ஆகவே என் வேண்டுகோள். 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ஊரின் பொதுநிலங்கள் ஊராரின் பொதுப்பயனுக்கு உரியவை, அவற்றின் ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநில அரசுகளும் திட்டம் வகுக்க வேண்டும். சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் மேய்க்கால் எது, மந்தைவெளி எது, எந்தப் புல எண், எவ்வளவு பரப்பு என்று நமக்கே தெரியாவிட்டால் சட்டம் என்ன செய்யும்? கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு புல எண்ணுக்கும் நிலத்தின் வகை அதில் எழுதியிருக்கிறது; இணையத்திலும் பார்க்கலாம். இங்கே இருக்கும் மாணவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து தங்கள் ஊரின் பதிவை எடுங்கள். ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு அந்த நிலத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள். மாடு எந்த வழியில் போயிற்று, எங்கே தண்ணீர் குடித்தது, எங்கே மந்தை கூடியது என்று கேட்டு எழுதுங்கள். ஏழைகள் வீடு கட்டியிருக்கும் இடத்தில் அவர்களுக்கு மாற்று இடம் கேட்டுப் பேசுங்கள். வேலியிட்டு வளைத்தவர்களிடம் நிலத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஜனவரி 26 அன்று எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. நம் ஊர் மேய்க்காலையும் மந்தைவெளியையும் அளந்து எல்லைக்கல் நட வேண்டும் என்ற தீர்மானத்தை அங்கே கொண்டுவாருங்கள். ஒரே கூட்டத்தில் நிறைவேறாது. மே 1 வரும், ஆகஸ்ட் 15 வரும், அக்டோபர் 2 வரும். ஒவ்வொரு முறையும் எழுந்து கேளுங்கள். அடுத்த தையில் மறுபடி கூடும்போது, எந்தெந்த ஊரில் அளந்து கல் நட்டிருக்கிறார்கள் என்ற கணக்கோடு வாருங்கள். அந்தக் கணக்கிலிருந்து அடுத்த பேச்சைத் தொடங்குவோம்.